எங்களுக்கெல்லாம் கம்மல் பார்த்துக் கொடுத்த எஸ்தர் சிஸ்டர்

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தபோது நான் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் பேருந்தில் இருந்தேன். பெருமுக்கல் தாண்டியிருந்தது. ‘நம்முடன் பணியாற்றிய எஸ்தர் அவர்கள் இன்று காலை காலமானார்’ என்று சுகாதார ஆய்வாளர் போட்டிருந்தார். படம் இல்லை. எங்களிடம் இரண்டு எஸ்தர்கள் இருந்தார்கள். ஒருவர் ஸ்டாஃப் நர்ஸ் எஸ்தர் சிஸ்டர், ஐம்பத்து நாலு வயது. இன்னொருத்தி கிராம சுகாதாரச் செவிலியர், அவரைவிடப் பாதி வயது, நாங்கள் சின்ன எஸ்தர் என்போம். சின்ன எஸ்தர் ஒரு வாரமாக டெங்குக் காய்ச்சலில் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் கிடந்தாள். முந்தின நாள்தான் ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போகின்றன என்று கேள்விப்பட்டிருந்தோம். அதனால் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அவளுடைய கைக்குழந்தையை நினைத்துப் பேருந்திலேயே அழுதேன். பிறகு, நிலையத்தில் எது நடந்தாலும் நாம் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். என்ன ஆயிற்று என்று கேட்க எஸ்தர் சிஸ்டருக்குப் போன் போட்டேன்.

ஆண் குரல் எடுத்தது. சிஸ்டரின் கணவர் தாவீது.

“அண்ணா, சிஸ்டர் பக்கத்துல இருக்காங்களா? சின்ன எஸ்தருக்கு எப்பிடி ஆச்சுன்னு கேக்கலாம்னு…”

“அந்தப் பொண்ணு இல்லம்மா. இவதான்” என்றார்.

எனக்கு அது விளங்கவில்லை. “சரிங்கண்ணா, அப்புறமா பேசறேன்” என்று வைத்துவிட்டேன். கண்டக்டர் இரண்டு நிறுத்தங்களில் ஆள் இறக்கி ஏற்றிய பிறகுதான் ‘இவ’ என்றால் யார் என்று எனக்குள் இறங்கியது. சிஸ்டர் காலையில் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாராம். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றாராம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

சின்ன எஸ்தர் குணமாகி வந்துவிட்டாள். இந்த அஞ்சலிக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அன்று காலை பேருந்தில் அவளுக்காக அழுததை இப்போதுதான் அவளிடம் சொல்கிறேன். சிஸ்டருக்காக எப்போது அழத் தொடங்கினேன் என்பது எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒரே அழுகைதான். நடுவில் ஆள் மாறிவிட்டது.

சிஸ்டரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசினால் குழறுவேன் என்று எழுதி எடுத்து வந்திருக்கிறேன். எழுதிய பிறகும் தெளிவாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

நான் இந்த நிலையத்துக்கு மருந்தாளுநராக வந்தது எல்லோரும் முகக்கவசம் போட்டுக்கொண்டிருந்த நாட்களில். எனக்கு ஜிமிக்கி போட்டால்தான் புடவை கட்டிய மாதிரி இருக்கும். வேலைக்கும் ஜிமிக்கியோடுதான் வருவேன். வந்த முதல் வாரம், கவுண்டருக்கு வெளியே பெரிய வரிசை. வேர்க்கிறது என்று முகக்கவசத்தைக் கழற்றினேன். அதன் எலாஸ்டிக் ஜிமிக்கியில் மாட்டி, காதை இழுத்து, ஜிமிக்கி தெறித்துப்போய்க் காய்ச்சல் மாத்திரை டப்பாவுக்குள் விழுந்தது. உதிரி மாத்திரைகள், ஆயிரக்கணக்கில். நான் காதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். ஊசி போடும் அறையிலிருந்து சிஸ்டர் வந்தார். கையுறை மாட்டிக்கொண்டு, டப்பாவை ஒரு தட்டில் கவிழ்த்து, ஜிமிக்கியைப் பொறுக்கி எடுத்தார்.

“பாத்துக்குங்க மேடம். யாருக்காச்சும் காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு கம்மலை எழுதிக் குடுத்துடப் போறீங்க.”

வரிசை சிரித்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் என் காது மடலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, காயம் இல்லை என்று சொல்லிவிட்டு, தாழ்ந்த குரலில் இன்னொன்றும் சொன்னார்: “தினமும் போட நடு சைஸ்ல ஒரு கம்மல் வாங்கிக்குங்க. தொங்கறது வேலைக்கு ஆவாது.”

அப்போதுதான் அவர் காதுகளைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மடலில் பழைய தடம் மட்டும் இருந்தது, பென்சிலால் புள்ளி வைத்து அழித்த மாதிரி. கழுத்தும் கையும் அப்படியே வெறுமை. அவர் போகும் சபையில் பெண்கள் நகை அணிவதில்லை என்று அவரே சொன்னதாக ஆய்வக டெக்னீஷியன் பிறகு சொன்னார். சரி, அது அவருடைய நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் நகை போடாதவர் எனக்கு ஏன் சைஸ் சொன்னார் என்பது அன்றிலிருந்தே எனக்குக் குழப்பம்.

அவர் பேச்சைக் கேட்டு ஒரு கம்மல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். மிகவும் பொடிசு. மறுபடி முகக்கவசத்தில் மாட்டக் கூடாது என்ற பயம். சிஸ்டர் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்.

“இது கம்மலா மச்சமா?”

“நீங்கதானே சிஸ்டர் சின்னதா வாங்கச் சொன்னீங்க.”

“நடு சைஸ்னு சொன்னேன். நடு சைஸுக்கும் பொடிசுக்கும் வித்தியாசம் இருக்குது மேடம். காலையில தலைய வாரிட்டுக் கிளம்பறப்ப ஒரு தடவ கண்ணாடியில பாப்பீங்க இல்ல? அப்ப நமக்கு நல்லாருக்கணும். அப்புறம் சாயந்திரம் வரைக்கும் அது காதுல இருக்கறதே மறந்து போயிடணும். ரெண்டும் நடந்தா அதான் நடு சைஸு.”

உங்களில் பலருக்கும் இது நடந்திருக்கும். நிலையத்துக்கு வந்த புதிய பெண்கள் யாரும் அவருடைய பார்வைக்குத் தப்பியதில்லை. துப்புரவுப் பணியாளர் முதல் பயிற்சிக்கு வந்த டாக்டர் வரை அவர் சொன்ன கம்மலைத்தான் போட்டோம். என்றாலும் ஒருவருக்குச் சொன்னதை அவர் இன்னொருவருக்குச் சொன்னதில்லை. வட்ட முகத்துக்குப் பட்டையான கம்மல் ஆகாது என்று எனக்குச் சொன்னார். அதே வட்ட முகம் கொண்ட டெக்னீஷியனுக்குப் பட்டையாகவே பார்த்துக் கொடுத்தார். இதை நாங்கள் மதியச் சாப்பாட்டின்போது அவர் முன்னாலேயே கேட்டோம். சாம்பார் சோற்றைப் பிசைந்துகொண்டே, “அவங்க கழுத்தைப் பாருங்க, உங்க கழுத்தைப் பாருங்க” என்றார். நாங்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் பார்த்தோம். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

பச்சையம்மாள் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. உப்பளத்தில் கூலி வேலை. வலது காது வீங்கிச் சிவந்து, சீழ் வைத்திருந்தது. கவரிங் கம்மல். உப்பு பட்டுப் பட்டுப் பச்சை பிடித்து, திருகு தண்டோடு ஒட்டிக்கொண்டு கழற்ற வரவில்லை. வீட்டில் கட்டிங் பிளேயர் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சிஸ்டர் ஒரு கிண்ணத்தில் சலைன் ஊற்றி, பஞ்சில் நனைத்து நனைத்து வைத்தார்.

“இன்னா தண்ணி சிஸ்டரு அது?”

“உப்புத் தண்ணி.”

“உப்பாலதான் இந்த கதி. நீ மறுபடியும் உப்பே ஊத்துறியே.”

“உன் உப்பு வேற, என் உப்பு வேற. ஆடாம இரு.”

நான் ஆன்டிபயாடிக் கொடுக்கப் போனவள் அங்கேயே நின்றுவிட்டேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. எண்ணெய் விட்டு, துடைத்து, மறுபடி நனைத்து, கடைசியில் திருகு சுழன்றது. பச்சையம்மாள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கம்மல் வெளியே வந்ததும் முதலில் காதைத்தான் தடவினார்.

“வேலைக்குப் போறப்ப கம்மலே போடாத. வீட்டுல போட்டுக்கோ” என்றேன் நான்.

பச்சையம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். “பகல் முழுக்க அங்கதானம்மா இருக்கறேன். வீட்டுல யாரு பாக்கறாங்க?”

சிஸ்டர் என் பக்கம் திரும்பவில்லை. பச்சையம்மாளிடமே கேட்டார்: “வெயிலுக்குத் தலையில துணி எப்பிடிக் கட்டுவ? காதை மூடியா, விட்டா?”

“மூடித்தான்.”

“அப்ப பெருசு துணியில மாட்டும். பொடிசு போட்டா திருகு எங்க வுழுந்துச்சுன்னு பாத்தியில தேடிக்கிட்டு நிப்ப. நடு சைஸ்ல ஓரம் மழுங்கினதாப் பாப்போம். தண்டு மட்டும் வெள்ளியில வெச்சுக்கலாம். காது ஆறட்டும், நான் கூட வர்றேன்.”

“நீ ஏன் சிஸ்டரு போடல?”

“எனக்கு ஒத்துக்காது. போட்டா புண்ணாயிடும்.”

எனக்கு அது புதுச் செய்தி. சபை என்றல்லவா சொன்னார்கள் என்று நினைத்தேன். ஒருவேளை பச்சையம்மாளிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம் என்று அப்படிச் சொல்லியிருக்கலாம். மூன்று வாரம் கழித்துச் சொன்ன மாதிரியே கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய்ச் சிவப்புக்கல் கம்மல் ஒன்று பார்த்துக் கொடுத்தார். எனக்கோ வெள்ளைக்கல்தான் சரி என்று அதற்கு முன்பே சொல்லியிருந்தார். எந்த நிறப் புடவைக்கும் போகும் என்பது காரணம். பச்சையம்மாளுக்கு மட்டும் ஏன் சிவப்பு என்று கேட்டேன்.

“அவங்க நாள் முழுக்க உப்புக் குவியல் நடுவுல நிக்கறாங்க மேடம். வெள்ளைக்கு நடுவுல போய் வெள்ளை எதுக்கு?”

அதன் பிறகு ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து என்னோடு திண்டிவனம் வந்தார். எனக்குத் தங்கத்தில் தினசரிக் கம்மல் வாங்க. முந்தின நாளே ஒரு வேலை கொடுத்திருந்தார். வாரம் முழுக்க நான் கட்டும் உடைகளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வர வேண்டும். “கல்யாணத்துக்குக் கட்டறது வேணாம். திங்கக்கிழமை எது, மழை பேஞ்சா எது, அவசரத்துல எடுத்து மாட்டற சுடிதார் எது, அதெல்லாம்.” எடுத்துப் பார்த்தபோது எனக்கே சங்கடமாக இருந்தது. ஆறு காட்டன் புடவை, மூன்று சுடிதார், எல்லாம் பழுப்பு, சாம்பல், வெளிர் நீலம். இவ்வளவு மங்கலாகவா உடுத்திக்கொண்டிருக்கிறேன் என்று கேட்டேன். “மங்கல்லாம் இல்ல. மாத்திரைக் கவர் கலரு” என்றார்.

கடையில் தட்டுத் தட்டாக எடுத்து வைத்தார்கள். ஏழுகல், ஐந்துகல், பூ, இலை, வெறும் வட்டம். நான் ஒவ்வொன்றையும் காதில் வைத்துக் கண்ணாடிக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன். சிஸ்டர் என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

“அவ்ளோ கிட்ட உங்களை யாரு வந்து பாக்கப் போறாங்க? கவுண்டருக்கு வெளிய நிக்கறவங்க எவ்ளோ தூரத்துல நிப்பாங்க? அங்க நின்னு பாருங்க.”

தள்ளி நின்று பார்த்தபோது பாதிக் கம்மல்கள் காணாமல் போயின. சில காதைவிட முன்னால் வந்து நின்றன. மிஞ்சியவை நான்கு. அவற்றை என் புடவைப் படங்களின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். கடைசியில், கட்டைவிரல் நகத்தில் பாதி இருக்கும், நடுவில் ஒற்றை வெள்ளைக்கல் பதித்த பூக் கம்மல் ஒன்றை என் கையில் வைத்தார். போட்டுப் பார்த்தேன். முகம் கழுவிக்கொண்டு வந்த மாதிரி இருந்தேன். இவ்வளவு சின்ன விஷயம் அப்படிச் செய்யுமா என்று ஆச்சரியப்பட்டேன்.

பில் போடும்போது கடைப்பெண், “உங்களுக்கு எதும் பாக்கட்டுமாக்கா?” என்று சிஸ்டரிடம் கேட்டாள். வழக்கமாகச் சொல்வதுதான். சிஸ்டர் சிரித்து மறுப்பார் என்று நினைத்தேன். அவர் தட்டிலிருந்து ஒரு சிவப்பு ஏழுகல் கம்மலை எடுத்தார். வலது காதோடு சேர்த்துப் பிடித்தார். கண்ணாடியில் பார்த்தார். தள்ளியும் நின்று பார்த்தார். முகத்தில் சிரிப்பும் இல்லை, வருத்தமும் இல்லை. காய்ச்சல்காரரின் தெர்மாமீட்டரைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. எனக்குப் பில் போட்டு, கார்டு தேய்த்து, பை கொடுத்து முடிக்கும் வரை அப்படியே நின்றார்.

“நல்லாருக்குது” என்றார். பிறகு அதைத் தட்டில், ஜோடியின் பக்கத்தில் நேராக வைத்தார்.

பேருந்து நிலையத்துக்கு நடக்கும்போது கேட்டேன்: “போடணும்னு ஆசையா இருக்குதா சிஸ்டர்?”

“வேணாம்னு விட்டுட்டேன் மேடம்” என்றார். குரலில் ஒன்றும் இல்லை. உடனே புதன்கிழமைத் தடுப்பூசி முகாமுக்கு ஐஸ் பெட்டி போதாது என்று பேச ஆரம்பித்துவிட்டார். நானும் ஐஸ் பெட்டியைப் பற்றியே பேசினேன்.

இனி, அடக்கத்தன்று அவர் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அன்று கீழ்புத்துப்பட்டுக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். ஆனால் இது நடந்தபோது நீங்கள் வெளியே பந்தலில் இருந்தீர்கள். உள்ளே நாங்கள் ஐந்தாறு பேர்தான்.

பெட்டியில் வெள்ளைப் புடவை உடுத்திப் படுக்க வைத்திருந்தார்கள். சபையார் மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். பிற்பகல் அடக்கம். பன்னிரண்டு மணி இருக்கும், ஒரு அம்மாள் வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கி, “விஜி, விஜி” என்று கதறிக்கொண்டு வந்தார். விஜி யார் என்று எனக்குப் புரியவில்லை. வீடு மாறி வந்துவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். வருகைப் பதிவேட்டில் ‘விஜயா எஸ்தர்’ என்று இருப்பதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். அந்த முதல் பெயருக்கு ஒரு வீடும், அதைச் சொல்லிக் கூப்பிட ஆட்களும் இருப்பார்கள் என்று தோன்றியதே இல்லை. வந்தவர் சிஸ்டரின் அக்கா மகேஸ்வரி. பெரிய முதலியார்சாவடியில் இருக்கிறார். நெற்றியில் விபூதி.

அழுது முடித்து, முந்தானை முடிச்சிலிருந்து ஒரு ஜோடிக் கம்மலை எடுத்தார். தங்கம், ஏழு சிவப்புக்கல். தேய்ந்திருந்தது.

“இது அவளோடது. போட்டு அனுப்பணும். மொட்டக் காதோட எந்தங்கச்சிய நான் அனுப்ப மாட்டேன்.”

பாட்டு நின்றது. தாவீது அண்ணன் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். அதிகம் பேசத் தெரியாதவர்.

“அவ ஞானஸ்நானம் எடுத்தப்ப விட்டது அக்கா அது. இப்ப எப்பிடி?” என்றார்.

“எங்க ஊட்டுப் பொண்ணு அவ.”

“எங்க வீட்டுலதான முப்பது வருஷம் இருந்தா.”

போதகர் நல்ல மனிதர். குறுக்கே வரவில்லை. “இது நாங்க போட்ட சட்டம்னு நினைக்காதீங்கம்மா. சகோதரி அவங்களா எடுத்த தீர்மானம். குடும்பத்துல பேசிக்குங்க” என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கேட்பதற்கு வேறு யாரும் இல்லை. தாவீது அண்ணன் சுற்றிப் பார்த்தார். பார்வை என்னிடம் வந்து நின்றது.

“கலா மேடம், நீங்கதான் அவகூட நாளெல்லாம் இருந்தவங்க. கம்மல் கம்மல்னு உங்களையெல்லாம் படுத்துவான்னு சொல்லியிருக்கறா. அவளுக்கு வேணுமா வேணாமா? நீங்க சொல்லுங்க. நீங்க சொல்றபடி செய்யறேன்.”

மகேஸ்வரி அம்மாளும் என்னைப் பார்த்தார். எது சொன்னாலும் இரண்டு பேரில் ஒருவர் அன்றைக்கு உடைந்துபோவார். அதைவிடப் பெரிய தொந்தரவு, எனக்கு உண்மையிலேயே பதில் தெரியாது. வேண்டாம் என்று அவர் வாயால் சொன்னதும் தெரியும். கண்ணாடி முன் அவர் நின்ற நேரமும் தெரியும். இரண்டில் எது சிஸ்டர்?

அதனால் கடையில் பார்த்ததை அப்படியே சொன்னேன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

“எடுத்து வெச்சுப் பாத்தாளா?” என்றார் அக்கா.

“பாத்தாங்கம்மா. ரொம்ப நேரம்.”

“திரும்ப வெச்சுட்டாளா?” என்றார் அண்ணன்.

“வெச்சுட்டாங்கண்ணா.”

“நல்லாருக்குதுன்னு சொன்னா இல்ல?”

“சொன்னாங்கம்மா.”

இரண்டு பேருமே தலையசைத்தார்கள். அவரவருக்கு வேண்டியது அதில் கிடைத்துவிட்டது. எனக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் எழுந்தார். “போடுங்கக்கா” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் முதுகு காட்டி நின்றார்.

மகேஸ்வரி அம்மாள் குனிந்து தங்கையின் காது மடலை விரலால் நீவினார். கம்மல் தண்டைத் தடத்தில் வைத்து மெல்ல அழுத்தினார். உள்ளே போகவில்லை. மடலைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். துளை தூர்ந்துபோயிருந்தது. மறுபடி வைத்து அழுத்தினார். சட்டென்று கையை எடுத்துவிட்டார்.

“வலிக்கும்” என்றார்.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். அக்கா அந்த மடலையே திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தார், ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துவிடுவது போல. கம்மலை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டார். அடக்கம் முடியும் வரை தாவீது அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டே நின்றதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

மூன்று வாரம் கழித்து மகேஸ்வரி அம்மாள் நிலையத்துக்கு வந்தார், சிஸ்டரின் அலமாரியில் இருந்தவற்றை எடுத்துப் போக. நான்தான் திறந்து கொடுத்தேன். சாப்பாட்டு டப்பா, வேதாகமம், ஒரு ஸ்வெட்டர், கத்தரிக்கோல். அந்தச் சிவப்புக்கல் கம்மல் அவர் காதில் இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவராகவே சொன்னார்.

“அவ நர்ஸு படிக்கப் போறப்ப அப்பா வாங்கித் தந்தது இது. அடுத்த வருஷமே எனக்குக் கல்யாணம் வந்துச்சு. எனக்குன்னு காதுல ஒண்ணும் இல்ல. இவ கழட்டிக் குடுத்தா. எனக்கு ஒத்துக்கல, போட்டா புண்ணாவுது, நீ போட்டுக்கோன்னா.”

நான் பச்சையம்மாளை நினைத்தேன். “நெசமாவே ஒத்துக்கலையா அவங்களுக்கு?”

“அது தெரியலியே. அதுக்கு முன்னாடி ஒரு வருஷம் போட்டிருந்தாளே, புண்ணைப் பாத்ததா ஞாபகம் இல்ல. ரெண்டு வருஷம் கழிச்சு எங்க வீட்டுக்காரரு எனக்கு வேற எடுத்துக் குடுத்தாரு. இதத் திருப்பிக் கொண்டு போனேன். அதுக்குள்ள இவ சபைக்குப் போக ஆரம்பிச்சிட்டா. இனிமே வேணாம் அக்கான்னா. எனக்காகக் கழட்டுனாளா, கர்த்தருக்காகக் கழட்டுனாளா, எனக்கு இன்னி வரைக்கும் புரியல.”

“கேக்கலையா நீங்க?”

அவர் ஸ்வெட்டரை எடுத்து மடித்தார். “ஒரு வாட்டி நீட்டினேன். வேணாம்னா. எனக்கும் இது புடிச்சிருந்துச்சு. மறுக்கா நீட்டல.”

சொல்லிவிட்டு அழுதார். நானும் என் பங்குக்குச் சொன்னேன். பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில் கேட்டதையும், அவர் வேண்டாம் என்றதும் நான் ஐஸ் பெட்டிக்குத் தாவிவிட்டதையும். ஐஸ் பெட்டி என்றதும் அந்த அம்மாளுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது.

ஒத்துக்காது, சபை, விட்டுட்டேன். ஆளைப் பொறுத்து மூன்று பதில். எதையும் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருவேளை மூன்றுமே சேர்ந்ததாக இருக்கலாம். நகை வேண்டாம் என்று மனதார விட்டவருக்கும் அது அழகு என்று தெரிந்திருக்கலாம். இல்லை, நானாக ஒரு கதை கட்டுகிறேனோ தெரியவில்லை. உங்களில் யாரிடமாவது அவர் நான்காவதாக ஒன்றைச் சொல்லியிருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருக்கிறது.

எங்கள் எல்லோருக்கும் தினசரிக்கு எது பொருந்தும் என்று தெரிந்து வைத்திருந்தார். எங்கள் திங்கட்கிழமைப் புடவை அவருக்குத் தெரியும். அவரிடம் ஒரு கேள்விக்கு ஒரு பதில் வாங்கிக்கொண்டு நாங்கள் நகர்ந்துவிட்டோம். ஐந்து வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறேன்.

சிஸ்டர் இடத்துக்குக் கவிதா வந்திருக்கிறார். அவருடைய சம்மதம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். வந்ததிலிருந்து மதியம் எங்களோடு உட்காருவதில்லை. பிரசவ வார்டு பக்கம் போய்விடுவார். போன செவ்வாய்க்கிழமை, “சாப்பிட வாங்களேன்” என்றேன். “பசிக்கல மேடம்” என்றார். வழக்கமாக அதோடு விட்டிருப்பேன். புதன்கிழமை மறுபடி போனேன். “நெசமாவே பசிக்கலையா கவிதா, இல்ல வேற எதுனாவா?” என்று கேட்டேன். அவர் கையிலிருந்த நோட்டை ஓரமாக வைத்தார். பிறகு வார்டில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். அவர் சொன்னது அவருடையது, இங்கே சொல்ல மாட்டேன். சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று.

எஸ்தர் சிஸ்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த இரண்டாம் தடவைக் கேள்விதான். அவர் அதை எனக்குக் கொடுக்கவில்லை. அவரிடம் நான் கேட்காமல் விட்டதால் என்னிடம் தங்கிவிட்டது.